சிங்கப்பூர் வேலை: ராஜினாமாவுக்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: வயது 29. பி.இ. முடித்து கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சிங்கப்பூரில் 20 பேர் வேலை செய்யும் நிறுவனம் ஒன்று, 13ஆம் மாதச் சம்பளத்தையும் சேர்த்து ஆண்டுக்கு 85,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருவதாகச் சொல்கிறது. நிபுணர், மேலாளர் நிலை வேலைக்கான அனுமதியான எம்ப்ளாய்மெண்ட் பாஸ் கிடைக்குமா? இடையில் உள்ள முகவர் 3 லட்சம் ரூபாய் கேட்கிறார்.

பதில்: இந்தச் சம்பளத்தில் கிடைக்காது. சிக்கல் அந்த 13ஆம் மாதத்தில் இருக்கிறது. 85,800ஐ 12ஆல் வகுத்தால் 7,150 வெள்ளி வரும். ஆனால் பாஸ் வழங்கும் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு பார்ப்பது நிலையான மாதச் சம்பளத்தை மட்டும்தான். போனஸ், ஓவர்டைம், 13ஆம் மாதச் சம்பளம் எதுவும் அதில் சேராது. எனவே 13ஆல்தான் வகுக்க வேண்டும், அப்போது 6,600 வெள்ளிதான். 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 5,600 வெள்ளி; நிதித்துறைக்கு 6,200. பலர் இந்த எண்ணைப் பார்த்தே நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அது 23 வயதுக்காரருக்கான அளவு. வயதோடு அதுவும் ஏறி, 45 வயதில் 10,700 ஆகிறது. 29 வயதுக்கு ஏறத்தாழ 7,000 வெள்ளி வேண்டும்.

நிறுவனம் மாதச் சம்பளத்தை உயர்த்தினாலும் காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கு இருக்கிறது. 2023 செப்டம்பரில் வந்த இந்த முறையில் 40 புள்ளி எடுத்தால்தான் தேர்ச்சி. சம்பளம், கல்வி, நிறுவனத்தில் உங்கள் நாட்டவரின் விகிதம், உள்ளூர்வாசிகளின் விகிதம் என்ற நான்கிலும் தலா 0, 10 அல்லது 20 கிடைக்கும். ஆக, பாதிக் கணக்கு உங்கள் கையில் இல்லை, நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நேர்காணல் நன்றாகப் போயும் பதில் வராமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். நிபுணர், மேலாளர் நிலை ஊழியர்களில் இந்தியர்கள் 25 விழுக்காட்டை எட்டிய நிறுவனத்தில், மூன்றாவது அளவுகோலில் உங்களுக்குப் பூஜ்யம்தான். இதைத் தகுதிக்குறைவு என்று எண்ணி மனம் தளர வேண்டாம்.

உங்கள் நிறுவனம் சிறியது. அந்த நிலை ஊழியர்கள் 25 பேருக்குக் குறைவு என்றால் கடைசி இரண்டு அளவுகோலுக்கும் தலா 10 தானாகவே வந்துவிடும். பட்டப்படிப்புக்கு 10; அமைச்சின் உயர்தரப் பட்டியலில் உள்ள கல்லூரி என்றால் 20. சாதாரணக் கல்லூரி என்றே வைத்துக்கொண்டால் கையில் 30 இருக்கிறது. மீதி 10 சம்பளத்தில் வர வேண்டும். துறையில் உங்கள் வயதுள்ள உள்ளூர் நிபுணர்களில் 100க்கு 65 பேரைவிடக் குறையாத சம்பளம் இருந்தால்தான் அது கிடைக்கும். தகவல்தொழில்நுட்பம் சம்பளம் அதிகமுள்ள துறை; தகுதிச் சம்பளம் இருந்தால் இந்த 10ம் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். இன்னொரு வழி, ஆள் பற்றாக்குறைத் தொழில் பட்டியல். சைபர் பாதுகாப்பு, செயற்கை நுண்ணறிவு போன்ற வேலைகள் அதில் இருக்கின்றன. கூடுதலாக 20 புள்ளி வரை கிடைக்கும். பதவிப் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, செய்யும் வேலையும் பொருந்த வேண்டும்.

சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். பட்டத்துக்குப் புள்ளி கேட்டால் அதைச் சரிபார்த்த அத்தாட்சியை நிறுவனம் இணைக்க வேண்டும். சான்றிதழில் தலைப்பெழுத்தும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் இருப்பது நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி சந்திக்கும் தடங்கல்.

விண்ணப்பத்தை நிறுவனமோ அது நியமித்த முகவரோதான் போட முடியும். அமைச்சின் இணையதளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இலவசம். அதில் போட்டுப் பார்த்த முடிவை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். 10 பேருக்குக் குறையாத நிறுவனம், வேலையை மைகரியர்ஸ்பியூச்சர் என்ற சிங்கப்பூர் அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாள் விளம்பரம் செய்திருக்க வேண்டும், அதையும் கேட்டுவிடுங்கள்.

எம்ப்ளாய்மெண்ட் பாஸ் அமையாவிட்டால், அதற்கு அடுத்த நிலை வேலை அனுமதியான எஸ் பாஸை ஒதுக்க வேண்டாம். 6,600 வெள்ளி அதற்குத் தாராளம். 6,000ஐத் தாண்டுவதால் மனைவி, பிள்ளைகளுக்கும் சார்ந்திருப்போர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் சேவைத் துறையில் மொத்த ஊழியர்களில் 10 விழுக்காடுதான் எஸ் பாஸ் ஒதுக்கீடு. 20 பேர் கொண்ட இடத்தில் அதிகபட்சம் இரண்டு இடங்கள். காலி இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள்.

முகவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். இந்தியாவில் பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் அவர் பதிவு இருக்கிறதா பாருங்கள். "பணம் முதலாளிக்குப் போகிறது" என்று சொன்னால் நிலைமை இன்னும் மோசம். வேலைக்காக ஊழியரிடம் பணம் வாங்குவது சிங்கப்பூரில் முதலாளிக்குச் சிறைத்தண்டனை வரை போகும் குற்றம்.

ராஜினாமாவை, அமைச்சு பாஸுக்குத் தரும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வந்த பிறகே கொடுங்கள். கடிதம் கைக்கு வந்ததும் பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் வைத்து அமைச்சின் தளத்தில் அது உண்மைதானா என்று பாருங்கள். அமைச்சிடம் நிறுவனம் அறிவித்த மாதச் சம்பளம் உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால், விமானம் ஏறும் முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் விளக்கம் வாங்கிவிடுங்கள்.