சத்தம் போடாமல் மாடு சாய்ப்பது எப்படி?

பெரும்போக விதைப்புக்கு முன் மாட்டுப் பட்டியை மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்து ஓட்டிச் செல்கிறோம். ஒவ்வொரு வருடமும் நாலைந்து பசுக்கள் திரும்பி ஓடிவிடுகின்றன. ஏன்? (கிரான்)

முதலில் ஓடிய பசுக்களின் மடியைப் பாருங்கள். பால் கட்டியிருந்தால் கன்று பின்தங்கிவிட்டது. தாய் அதைத் தேடித்தான் திரும்புகிறது. கன்றுகளை எண்ணித் தாயோடு சேர்த்த பிறகே புறப்படுங்கள்.

அடுத்தது, நீங்கள் நிற்கும் இடம். மாட்டுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 330 பாகை வரை தெரியும். வாலுக்கு நேர் பின்னால் மட்டும் தெரியாது. நம்மவர்கள் கூக்குரலிடுவது சரியாக அங்கே நின்றுதான்! யாரென்று பார்க்கவாவது அது திரும்பத்தானே வேண்டும்? பக்கமாக வாருங்கள். முன்னந்தோளுக்குச் சற்றுப் பின்னால் நின்று ஓர் அடி நெருங்கினால் முன்னே நடக்கும். தோளைத் தாண்டி முகத்துப் பக்கம் வந்தால் நிற்கும். நடக்கத் தொடங்கியதும் நெருங்குவதை விட்டுவிடுங்கள். விடாமல் நெருக்கினால் நடை ஓட்டமாகிவிடும்.

நாம்பன் (இளங்காளை) லொறியில் ஏற மறுக்கிறது. வாலை முறுக்கினாலும் அசையவில்லை. (திருக்கோவில்)

வாலை விடுங்கள், எலும்பு முறிந்துவிடும். அதன் தலை உயரத்துக்குக் குனிந்து நீங்களே ஒருமுறை பலகையில் ஏறிப் பாருங்கள். பலகைக்கும் லொறிக்கும் இடையே உள்ள வெடிப்பு, உள்ளே இருட்டு, ஆடும் தறப்பாள் என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும். ஒருமுறை அரை மணி நேரம் நானும் மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், லொறிக் கம்பியில் காயப்போட்டிருந்த ஒரு துவாய்தான் குற்றவாளி. எடுத்ததும் ஏறிவிட்டது.

லொறியை மண்மேட்டோடு ஒட்டி நிறுத்தினால் ஏற்றம் குறையும். சரிவு 20 பாகையைத் தாண்டக் கூடாது. தளத்தில் மணலும் வைக்கோலும் பரப்புங்கள். ஒருமுறை வழுக்கிய மாடு அதை மறக்காது. கால்நடை வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழும் போக்குவரத்து அனுமதியும் கையில் இருக்கட்டும்.

எருமைகளை மத்தியானத்தில் நடத்தலாமா? (வெல்லாவெளி)

வேண்டாம். கறுப்புத் தோல், வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. விடியலில் கிளம்பி, குளம் உள்ள பாதையாகப் போங்கள். வாயைத் திறந்து இரைத்தால் உடனே நிழல், உடம்பெல்லாம் தண்ணீர்.

ஆட்டைக் காதைப் பிடித்து இழுக்கலாமா? (வாகரை)

உங்கள் காதை யாராவது இழுத்தால் போவீர்களா? தாடைக்கு அடியில் ஒரு கை, பின்பக்கம் ஒரு கை. மந்தையென்றால் பழகிய ஆடு ஒன்றை முன்னே நடத்துங்கள், மற்றவை தொடரும்.