பஃப் மாவில் வெண்ணெய் வழிந்தால்

வணக்கம் சகோதரி. ஓவனில் வைத்ததும் வெண்ணெய் தட்டில் வழிந்து, பஃப் உப்பாமல் பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மாவைத் தேய்த்தது பகல் இரண்டு மணிக்கு, பினாங்கில்! கோளாறு அங்கேதான். நம் ஊர்ப் பகலில் 32 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில் வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிடும், மாவும் வெண்ணெயும் மாறி மாறி வரும் அடுக்கே நிற்காது. அடுக்கு நின்றால்தான் உள்ளே கிளம்பும் நீராவி அதைத் தூக்கும்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுவேன். 250 கிராம் மாவுக்கு 200 கிராம் வெண்ணெய். வெண்ணெய்க்குப் பதிலாகப் போடும் பேஸ்ட்ரி மார்ஜரின் சூட்டைத் தாங்கும்தான், ஆனால் வாயில் மெழுகு மாதிரி ஒட்டும், எனக்குப் பிடிக்காது.

வெண்ணெயைச் சப்பையாகத் தட்டிக் குளிர வைத்து, மெல்ல வளைத்துப் பாருங்கள். உடையாமல் வளைய வேண்டும், விரலில் பிசுபிசுக்கவும் கூடாது. கல் மாதிரி இருந்தால் தேய்க்கும்போது உள்ளே துண்டு துண்டாக உடைந்து, மாவின் மேல் திட்டுத் திட்டாகத் தெரியும். அப்படி உடைந்த வெண்ணெயும் பிறகு வழியும்.

வெண்ணெயை உள்ளே வைத்து மாவைத் தேய்த்து மூன்றாக மடிப்பதை ஆறு முறை செய்தால் 729 அடுக்கு. குளிர்நாட்டுக் குறிப்புகளில் இரண்டு மடிப்புக்கு ஒருமுறை ஓய்வு என்றிருக்கும். இங்கே ஒவ்வொரு மடிப்புக்கும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

அப்புறம், ஓவன் 220 டிகிரிக்கு நன்றாகச் சூடேறிய பிறகே தட்டை உள்ளே வையுங்கள். மேலே பூசும் முட்டை வெட்டிய ஓரத்தில் வழிந்தால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.