நீலகிரியில் உளவியலாளர் நடத்தும் மனநல ஆதரவுக் குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: "குன்னூரில் இருக்கிறேன், தனியார் வேலை. பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து எடுக்கிறேன். டாக்டர் 'ஒரு குரூப்பில் சேர்ந்தால் நல்லது' என்கிறார். படித்த உளவியலாளர் முன்னின்று நடத்துகிற குழு இந்த மலையில் கிடைக்குமா? தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் போய்வர முடியுமா?"

கிடைக்கும். ஆனால் போனில் தேடி எடுப்பது கஷ்டம். கூகுளில் போட்டுப் பாருங்கள், முதலில் வந்து நிற்பது ரிசார்ட்டுகள்தான். மூன்று நாள் மன அமைதி முகாம், தைல மர வாசம், ஆர்கானிக் சாப்பாடு, ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம். அது சுற்றுலா, வேண்டுமானால் போய்வாருங்கள், சிகிச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கடுத்து பெங்களூர், சென்னை முகவரிகள் வரும். இங்கே குழு நடத்துகிறவர்கள் பலகை மாட்டுவதில்லை. மாட்டினால் யாரும் அந்தப் படியேற மாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரியும்.

ஆகவே குழு எங்கே நடக்கிறது என்று தெரிந்த ஆளைப் பிடிக்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் டாக்டர்கூட இல்லை, மனநலப் பிரிவில் இருக்கும் சோஷியல் ஒர்க்கர். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று 1996 முதல் நாட்டில் இருக்கிறது. அதில் ஒரு மனநல மருத்துவர், ஒரு உளவியலாளர், ஒரு சோஷியல் ஒர்க்கர் என்று ஒரு சிறிய அணி இருக்கும். அந்த அணி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு முறை வைத்துப் போகும். உங்களுக்கு எந்த நாள் என்பதை குன்னூர் அரசு லாலி ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டுக் கவுண்டரிலேயே கேட்கலாம். உதகையில் 2025 ஏப்ரலில் திறந்த 700 படுக்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலத் துறையிலும் கேட்கலாம். வெளியே வர சங்கடமாக இருந்தால் 14416. இது டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச எண். தமிழில் பேசுவார்கள், பகல் இரவு எந்நேரமும் எடுப்பார்கள். புலம்புவதற்கு மட்டும்தான் அந்த எண் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் என்ன சேவை எங்கே இருக்கிறது என்று அவர்களிடம் விசாரிக்கலாம், அங்கே அனுப்பியும் வைப்பார்கள்.

போய் "ஏதாவது குரூப் இருக்குதுங்களா?" என்று மொட்டையாகக் கேட்டால், "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். "பதற்றத்துக்கான குழு சிகிச்சை யாராவது நடத்துறாங்களா, அடுத்த தொகுதி எப்ப ஆரம்பிக்குது, பேர் கொடுத்து வைக்கலாமா?" என்று கேளுங்கள். குழுக்கள் தொடர்ந்து நடப்பவை அல்ல. ஆரம்பிக்கும், சில வாரங்களில் முடியும், ஆள் சேர்ந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். நீங்கள் கேட்கிற வாரம் ஒன்றுமே ஓடாமல் இருக்கலாம். பெயர் பட்டியலில் இருந்தால்தான் அடுத்த முறை போன் வரும்.

நான் யார், எதற்கு இவ்வளவு பேசுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் கடை வைத்திருக்கிறேன். சரக்கெடுக்க மேட்டுப்பாளையம், கோவை என்று இறங்கியே ஆக வேண்டிய பிழைப்பு. இறங்குகிற மலைப்பாதையில் பர்லியாறு நெருங்கும்போது நெஞ்சு அடைக்கும், விரல் மரத்துப்போகும், இந்த வளைவிலேயே உயிர் போகப்போகிறது என்று தோன்றும். ஈ.சி.ஜி. எடுத்தால் நார்மல், எக்கோவும் நார்மல், கேஸுக்கு மாத்திரை. பிறகுதான் ஒரு மனநல மருத்துவர் இது பானிக் அட்டாக் என்றார். மருந்தும் கொடுத்து, ஊட்டியில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அம்மா நடத்தும் குழுவுக்கும் அனுப்பினார்.

"படித்தவர் நடத்துகிற குழு" என்று நீங்கள் குறிப்பாகக் கேட்டிருப்பது நல்ல கேள்வி. குழுக்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, அதே கஷ்டத்தைப் பட்டவர்கள் தங்களுக்குள் கூடுவது. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அந்த வகை. அங்கே டாக்டரும் இல்லை, பீஸும் இல்லை. குடியிலிருந்து மீண்டவர் குடியில் இருப்பவரிடம் பேசுவார், அவ்வளவுதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதில் பிழைத்த குடும்பங்கள் மலையிலும் உண்டு. இன்னொன்று, சிகிச்சை தெரிந்தவர் ஒரு திட்டத்தோடு நடத்துவது. உங்களைப் போலப் பதற்றம் இருப்பவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஏன் என்றால், எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை அந்த அம்மா ஜூஸ் கடை ஸ்ட்ரா ஒரு கட்டு எடுத்து வந்தார். மெல்லிசு ஸ்ட்ரா, ஆளுக்கு ஒன்று. ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அந்த ஸ்ட்ரா வழியாக மட்டும் ஒரு நிமிஷம் மூச்சு இழுத்து விட வேண்டும். குழுவில் சேர்ப்பதற்கு முன்பே எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு இதய நோய், யாருக்கு வலிப்பு என்றெல்லாம் கேட்டு எழுதி வைத்திருந்தார். அப்படி இருந்தவர்களுக்கு ஸ்ட்ரா கொடுக்கவில்லை, வேறு பயிற்சி. மற்ற நாங்கள் வளர்ந்த ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ராவைச் சப்பிக்கொண்டிருந்தோம். அரை நிமிஷத்துக்குள் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. பர்லியாற்றில் வருகிற அதே அடைப்பு, அதே விரல் மரத்தல். எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். "விடாதீங்க சார், இன்னும் கொஞ்சம்தான். பயத்துக்கு நூத்துக்கு எவ்வளவு மார்க் போடுவீங்க?" என்றார். தொண்ணூறு என்று விரலால் காட்டினேன். ஸ்ட்ராவை எடுத்த பிறகு அதே கேள்வியை விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். எண்பது, அறுபது, முப்பது. ஒன்றும் செய்யாமலே இறங்கியது. எதிரே இருந்தவர் கண் பிதுங்கி உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து யாரோ சிரிக்க, எல்லாருமே சிரித்துவிட்டோம்.

உடம்பு காட்டும் அறிகுறியை வேண்டுமென்றே வரவழைத்து, அதனால் உயிர் போகாது என்று மூளைக்குப் பழக்குகிற முறை இது. பானிக் அட்டாக்குக்கு உலகம் முழுக்கச் செய்கிறார்கள். இதையே ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதி, ஆஸ்துமாக்காரர் வீட்டில் தனியாகச் செய்து பார்த்தால் என்ன ஆகும்? இதைப் படிக்கிற நீங்களும் செய்து பார்க்க வேண்டாம். இந்த இடத்தில்தான் படித்தவர் தேவைப்படுகிறார். பேசவிடுவதற்கு யாரும் போதும். எப்போது நிறுத்தச் சொல்வது, யாரைச் சேர்க்கக் கூடாது, அழ ஆரம்பித்தவரை எவ்வளவு நேரம் அழவிடுவது, ஒரே ஆள் முழு நேரத்தையும் தின்றால் எப்படி மடைமாற்றுவது என்பதெல்லாம் பயின்ற வேலை.

அதனால் சேரும் முன் தகுதியைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு இருக்கும். மனநல சோஷியல் ஒர்க்கர்களும் நன்றாகவே குழு நடத்துவார்கள், அதற்கென்றே படித்தவர்கள் உண்டு. கவனமாக இருக்க வேண்டியது வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு 'கவுன்சலிங், ஹீலிங், எனர்ஜி' என்று கலந்துகட்டிப் பலகை மாட்டுகிறவர்களிடம். இன்னொன்று, உங்களைத் தனியாகப் பார்த்துப் பேசாமல், பணம் கட்டியதும் நேரே குழுவில் உட்கார வைக்கிறார்கள் என்றால் அங்கே போகாதீர்கள். "மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று சொல்கிற இடம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அரசு இடங்களில் கட்டணம் இல்லை. தனியாரில் குழுவுக்கு வாங்குவது தனி அமர்வைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இனி கண்ணில் படுவது. மலையில் இது பெரிய விஷயம், கீழே இருப்பவர்களுக்குப் புரியாது. ஓ.பி. வரிசையில் நின்றால் பின்னால் ஒரு குரல்: "என்னண்ணா, இங்க?" சுகர் டெஸ்ட் என்று சொல்லிவிடுவோம். குன்னூரில் பாதிப் பேருக்குச் சுகர் வந்தது இப்படித்தான் என்று எங்களுக்குள் ஒரு ஜோக் உண்டு. படுகர் ஊர்களில் ஹட்டிக்கு ஹட்டி பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள், ஒரே எஸ்டேட் லைனில் சுவர் ஒட்டிக் குடியிருப்பவர்கள், ஒரே சர்ச், ஒரே சீட்டுக் குழு. நல்ல நடத்துநர் முதல் பேச்சிலேயே எந்த ஊர், எங்கே வேலை என்று கேட்பார். உறவுக்காரர்களும் ஒரே இடத்தில் வேலை செய்பவர்களும் ஒரே குழுவில் விழாமல் பிரிப்பதற்காகத்தான். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். பெண்கள் மட்டும் உள்ள குழு வேண்டும் என்றாலும் அப்போதே சொல்லலாம்.

எங்கள் குழுவில் ஒரு விதி இருந்தது. வெளியே மார்க்கெட்டிலோ கல்யாண வீட்டிலோ எதிர்ப்பட்டால் முதலில் யாரும் யாருக்கும் வணக்கம் வைக்கக் கூடாது. எதிராளி சிரித்தால் சிரிக்கலாம். அவரோடு வீட்டுக்காரர் இருந்தால் 'இவரை எங்கே தெரியும்' என்ற கேள்விக்கு அவர் பதில் தேட வேண்டி வருமல்லவா? வாட்ஸ்அப் குழுவும் கிடையாது. சந்திப்பு ரத்தானால் அந்த அம்மாவே தனித்தனியாகப் போன் செய்வார். இந்த விதியால்தான் குழுவில் மற்றவர்கள் சொன்ன எதையும் நான் இங்கே எழுதவில்லை.

என் யோசனை, பக்கத்து ஊர்க் குழுவில் சேருங்கள். ஊட்டிக்கு 18 கிலோமீட்டர் போல, பஸ்ஸுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கும் குழுவைத் தவிர்க்கலாம். சீசன் கூட்டத்தில் ஊட்டி ரோட்டு வேலிவியூவில் மாட்டிக்கொண்டு வியர்த்தால், இருக்கிற பதற்றத்துக்கு மேல் இன்னொன்று. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் அந்த வாரம் யாருமே வர மாட்டார்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஊட்டி மேலே ஏறுவதைவிட கேரளத்துச் சுல்தான் பத்தேரி பக்கம். ஆனால் மனசு திறந்து பேசத் தாய்மொழி வேண்டும், மலையாளத்தில் சமாளிக்க முடியுமா என்று யோசித்துச் சேருங்கள். அந்தப் பக்கம் ஆதிவாசிக் குடும்பங்கள் என்றால் 1990இல் தொடங்கிய அஷ்வினி என்ற தொண்டு நிறுவனத்தின் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனைதான் முதல் வாசல். சொந்தச் சமூகத்து ஆட்களே அங்கே பணியில் இருப்பதால் பேச்சு சுலபம். கொடைக்கானலிலிருந்து படிப்பவர்களுக்கும் வழி இதேதான், திண்டுக்கல் மாவட்ட அணியைப் பிடிக்க வேண்டும்.

வீடியோவில் நடக்கும் குழுக்கள் கோவையிலும் சென்னையிலும் இருக்கின்றன. தெரிந்தவர் தொல்லை இல்லை என்பது பெரிய லாபம். ஆனால் பேச ஒரு கதவு வேண்டும். பக்கத்து வீட்டு டிவி கேட்கிற லைன் வீட்டில் ஹெட்போன் போட்டாலும் நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். சிக்னலும் மேகம் இறங்கிவிட்டால் கடவுள் விட்ட வழி.

எதுவுமே ஓடவில்லை என்றால், உங்களைப் பார்க்கிற உளவியலாளரிடமே ஆரம்பிக்கச் சொல்லிக் கேளுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒரு குழுவுக்கு ஆறிலிருந்து பத்துப் பேர் போதும். இந்த வைத்தியமே 1905இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற டாக்டர், சானடோரியத்துக்குப் போக வசதியில்லாத காச நோயாளிகளை ஒன்றாக உட்கார வைத்ததில் தொடங்கியதுதான். டாக்டர்கள் குறைவாகவும் நோயாளிகள் நிறையவும் இருக்கிற இடத்துக்கு இது தோதான முறை. "ஆள் வந்தால் நடத்தலாம்" என்று சொல்லும் உளவியலாளரும், "நடந்தால் வரலாம்" என்று சொல்லும் நோயாளிகளும் ஒரே கட்டிடத்தில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் கேட்பதில்லை.

தற்கொலை எண்ணம் இருக்கும்போதோ, காதில் குரல் கேட்கும்போதோ குழுவுக்குக் காத்திருக்க வேண்டாம். அது உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய நிலை. ராத்திரி என்றால் 14416 அல்லது 104, நிலைமை கைமீறினால் 108.

வேலை இடத்தைப் பற்றி: உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. முதலாளி போன் செய்து கேட்டாலும் ஆஸ்பத்திரி சொல்லக் கூடாது. சனிக்கிழமை விடுப்புக்குச் சான்று தேவைப்பட்டால் 'மருத்துவ ஆலோசனைக்காக' என்று மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதித் தருவார்கள். அப்புறம், உங்கள் டாக்டர் 'குரூப்' என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறார். பதற்றத்துக்கா தூக்கத்துக்கா என்று அடுத்த முறை கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பாடம் வேறு. சோஷியல் ஒர்க்கர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் எந்தப் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வார்.