டெலோமரேஸும் மூளைக்கட்டி செல்களும்: கேள்வி பதில்

கேள்வி (செராஸ்): அக்கா, யு87 செல்லில் (மூளைக்கட்டிச் செல் வகை) டிராப் சோதனை (டெலோமரேஸ் வேலை செய்கிறதா என்று பிசிஆரால் பார்ப்பது) போட்டேன். ஜெல்லில் ஏணி (டெலோமரேஸ் இருந்தால் விழும் படிப்படியான பட்டைகள்) விழவே இல்லை. டெலோமரேஸ் (குரோமோசோம் நுனியான டெலோமியரை நீட்டும் என்சைம்) கிடையாது, ஏஎல்டி வழிதான் (அந்த என்சைம் இல்லாமல் நுனியை நீட்டும் மாற்று வழி) என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: எழுதிடாதீங்க தம்பி. முதலில் 36 பேஸ் அளவில் உள் கட்டுப்பாட்டுப் பட்டை (பிசிஆர் ஓடியதைக் காட்ட ஒவ்வொரு குழியிலும் விழ வேண்டியது) இருக்கா பாருங்க. அதுவும் காணோம்னா பிசிஆரே திணறியிருக்கு, சாறு கெட்டி. 10 லட்சம் செல்லுக்கு 200 மைக்ரோலிட்டர் சாப்ஸ் பஃபர் (செல்லை உடைத்துச் சாறெடுக்கும் கரைசல்), ஐஸில் 30 நிமிடம், 4 டிகிரியில் 12,000 ஜி வேகத்தில் 20 நிமிடம். மேல்நீரில் 2 மைக்ரோலிட்டர் எடுத்தாலே 10,000 செல்லின் சரக்கு. அதை 10 மடங்கு, 100 மடங்கு நீர்த்து, மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுங்க. நேர்ச்சாறு வெறுமையா இருக்க, 10 மடங்கு நீர்த்த குழியில் 50-இல் தொடங்கி ஆறாறு பேஸாக ஏணி ஏறும்.

36 இருந்தும் ஏணி இல்லையென்றால் ஆர்என்ஏ சிதைந்திருக்கலாம். இந்த என்சைமுக்குள்ளேயே ஆர்என்ஏ உண்டு, ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவைச் சிதைக்கும் என்சைம்) தடுப்பான் போடாமல் வேலை ஆகாது. டெலோமரேஸ் நிச்சயம் உள்ள ஹீலா செல்லின் சாறும் கூடவே ஓடணும். யு87-இல் டெர்ட் (டெலோமரேஸின் புரதப் பகுதிக்கான மரபணு) புரமோட்டர் பிறழ்வு இருக்கு, அது டெலோமரேஸை முடுக்கிவிடும். அதில் வெறுமை வந்தால் முதல் சந்தேகம் நம்ம கைமேல்தான்.

கேள்வி (பினாங்கு): ஏடிஆர்எக்ஸ் (ஒரு மரபணு) இழந்த செல்லில் வெறுமை வந்தாலும் கையைத்தான் குறை சொல்வீர்களா?

பதில்: அங்கே சொல்ல மாட்டேன். ஐடிஹெச் மரபணுப் பிறழ்வுள்ள ஆஸ்ட்ரோசைட்டோமாவில் (ஒருவகை மூளைக்கட்டி) ஏடிஆர்எக்ஸ் இழப்பும் ஏஎல்டியும் சேர்ந்தே வரும். ஆனாலும் டிராப் வெறுமையை மட்டும் வைத்து ஏஎல்டி என்று பெயர் வைக்காதீங்க. சி-வட்டச் சோதனை (ஏஎல்டி செல்லில் காணும் டெலோமியர் டிஎன்ஏ வட்டங்களைத் தேடுவது) போடுங்க, ஏஎல்டி நிச்சயம் உள்ள யு2ஓஎஸ் செல்லைக் கட்டுப்பாடாக வைத்து.

கேள்வி (பினாங்கு, அவரே): சி-வட்டம் நேர்மறை, டிராப்பிலும் மங்கலாக ஏணி. எதை நம்ப?

பதில்: இரண்டையும். ஒரே தட்டில் இரண்டு வகைச் செல்லும் கலந்திருக்கலாம். எஸ்டிஆர் (செல்லின் டிஎன்ஏ அடையாளச் சோதனை) பார்த்தீங்களா? யு373 என்று பலகாலம் விநியோகமான மூளைக்கட்டிச் செல் இருப்பு யு251 என்ற வேறொரு செல் வகையாக முடிந்தது. பரவலாகப் புழங்கும் யு87-உம் மூலக் கட்டியோடு பொருந்தவில்லை என்று 2016-இல் வெளிவந்தது. குப்பியில் எழுதியிருக்கும் பெயரை நம்பாதீங்க.

கேள்வி (பங்சார்): ஏணி வரல மேடம்.

பதில்: மேலே முதல் பதில்.

கேள்வி (ஜெலுகோர்): செல் பெல்லட்டை கூலர் பெட்டியில் சாதா ஐஸ் போட்டு, பஸ்ஸில் கோலாலம்பூருக்குக் கொண்டு வரலாமா?

பதில்: வேண்டாம். பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசல்) கழுவி, நீரை முழுசா உறிஞ்சி, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, டிரை ஐஸில் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) கூரியர் அனுப்புங்க. மூடியைக் காற்று புகாமல் ஒட்டினால் வாயு சேர்ந்து பெட்டி வெடிக்கும்.

கேள்வி (கிள்ளான்): அம்மாவுக்கு க்ளையோபிளாஸ்டோமா (தீவிர மூளைப் புற்றுநோய்). டெலோமியர் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: சிகிச்சை பார்க்கும் டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீங்கம்மா. இது தட்டில் வளரும் செல்லைப் பற்றிய இடம்.

கேள்வி (செந்தூல்): எனக்கும் ஏணி வரல. ஆனா வெறும் பஃபர் குழியில் வருது!

பதில்: அட, இது வேற நோய். பழைய பிசிஆர் விளைபொருள் பைப்பெட்டில் ஒட்டியிருக்கு. கலவை தயாரிக்கும் மேசையும் ஜெல் ஓட்டும் மேசையும் தனித்தனி. வடிகட்டி டிப், புது பிரைமர், புது பஃபர். ஒவ்வொரு சாறிலும் பாதியை 85 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி ஓட்டுங்க. அதிலும் ஏணி வந்தால் அது டெலோமரேஸ் இல்லை. சாறை நீர்த்தீங்களா?