தூரம் கொஞ்சம், நேரம் அதிகம்: விமானப் பயணக் கேள்வி பதில்

சிறிய விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம், பறக்கும் நேரம் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சாலை வழியே 520 கி.மீ. விமானத் தூரம் 390 என்று காட்டுகிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். சாலை மலையையும் ஆற்றையும் சுற்றிப் போகும். விமானத் தூரம் என்பது பூமியின் வளைவை ஒட்டி இழுத்த மிகக் குறுகிய கோடு. ஆனால் விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. வான்வழிப் பாதை, ஓடுதளத்தின் திசை எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கூடும். வேறு இடத்தில் இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால், அது கடல் மைலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

கேள்வி: சார், 400 கி.மீ.தான். ஜெட் மணிக்கு 800 கி.மீ. போகுமென்றால் அரை மணியில் இறங்க வேண்டாமா? டிக்கெட்டில் 1 மணி 5 நிமிடம் இருக்கிறதே!

அந்த 800 உயரத்தில் போகும்போது மட்டும்தான். 10,000 அடிக்குக் கீழே பெரும்பாலும் 250 நாட், அதாவது சுமார் 460 கி.மீ. வேகம்தான் வரம்பு. இறங்கும்போது ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 3 கடல் மைல் வேண்டும். 30,000 அடியிலிருந்து இறங்கவே 165 கி.மீ. போய்விடும். ஏறுவதற்கும் கணிசமான தூரம் பிடிக்கும். அப்புறம், டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும்வரை. தரையில் ஊர்ந்து போகும் நேரமும் அதில் அடக்கம்.

நான் போடும் கணக்கு இது: ஜெட் என்றால் தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். ஏடிஆர் போன்ற டர்போபிராப் (இறக்கையில் சுழலும் விசிறி வைத்த விமானம்) என்றால் 500ஆல் வகுத்து 25 நிமிடம். பெரும்பாலும் கிட்டத்தட்டச் சரியாக வரும்.

கேள்வி: அப்படியானால் டர்போபிராப் ரொம்ப மெதுவா?

300 கி.மீ.க்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், பத்து நிமிடம்கூட வித்தியாசம் வராது. எரிபொருளும் குறைவு, குட்டையான ஓடுதளமும் போதும். குறுகிய தூரத்துக்கு அதுதான் பொருத்தமான விமானம்.

கேள்வி: போகும்போது 50 நிமிடம் பறந்தோம், வரும்போது 1 மணி 15 நிமிடம். பூமி சுற்றுவதாலா?

இல்லை. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. காரணம் காற்றுதான். 500 கி.மீ. தூரம், விமானத்தின் வேகம் 500, பின்காற்று 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 50 நிமிடம். அதே காற்று எதிரே அடித்தால் வேகம் 400 ஆகிவிடும், 75 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் இரண்டு வழிக்கும் 120 நிமிடம், காற்றோடு 125. போகும்போது 10 நிமிடம் மிச்சமாகிறது, வரும்போது 15 நிமிடம் கூடுகிறது. எதிர்காற்றில் அதிக நேரம் இருப்பதால் கணக்கு சமமாவதே இல்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கு இது.

கேள்வி: உலகிலேயே குறைந்த நேர விமானம் எது?

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே இடையே ஓடுவது. தூரம் சுமார் 2.7 கி.மீ. காற்று வாகாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள்கூட இறங்கியிருக்கிறது.

கேள்வி: அடுத்த விமானத்துக்கு எவ்வளவு இடைவெளி விடலாம்?

பறக்கும் நேரத்தை விடுங்கள், டிக்கெட்டில் உள்ள வந்துசேரும் நேரத்திலிருந்து எண்ணுங்கள். இரண்டும் ஒரே டிக்கெட் என்றால் விமான நிறுவனம் காட்டும் இடைவெளி போதும். தனித்தனி டிக்கெட் என்றால் மூன்று மணி நேரமாவது வையுங்கள். அன்றைக்கு ஒரே விமானம்தான் இருக்கிறது என்றால் முந்தின நாளே போய்விடுவது நல்லது.