தரவின் பூர்வீகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பக்கத்துத் தோட்டக் கந்தோரில் கிடந்த 1994 முதல் 2008 வரையான மழைக் கொப்பிகளை எங்கள் மாணவர்கள் போட்டோ எடுத்து, எக்செலில் அடித்து, அங்குலத்தை மில்லிமீட்டராக்கி வைத்திருக்கிறார்கள். இணையத்தில் போடும்போது "இது இப்படி வந்தது" என்று ஒரு பந்தி எழுதினால் போதாதா? தரவு எங்கிருந்து, யாரால் வந்தது என்று எழுத உதவும் ப்ரொவ்-ஓ என்ற சொற்றொகுதியைப் படிக்கச் சொல்கிறார்கள், பார்த்தாலே தலை சுற்றுகிறது.
– ஆசிரியர், ஹட்டன்

பதில்: பந்தியைக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் நாளைக்கு ஒருவர் உங்கள் அட்டவணையைத் தலவாக்கலை, பண்டாரவளை அட்டவணைகளோடு சேர்த்தால் அந்தப் பந்தி அதோடு சேர்ந்து போகாது. கணினியும் வாசிக்கிற மாதிரிச் சில வரிகள் தேவை. அதற்காக ப்ரொவ்-ஓவைக் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2013 ஏப்ரலில் பரிந்துரையாக வெளியிட்ட அந்தச் சொற்றொகுதியின் அடிப்படை மூன்றுதான்: பொருள், செயல், செய்தவர். உங்களுக்குக் கைகொடுக்கப் போவது அதையொட்டி அமைந்த 'பாவ்' என்ற சின்னச் சொற்றொகுதி.

முதலில் ஆட்களைப் பிரியுங்கள். மழைமானியைப் பார்த்து எழுதிய கிளாக்கருக்கு 'ஆதர்ட் பை'. எக்செலில் அடித்த மாணவருக்கு 'கிரியேட்டட் பை'. போட்டோவோடு ஒப்பிட்டுத் திருத்திய உங்களுக்கு 'கியூரேட்டட் பை'. அளந்தவர், அடித்தவர், சரிபார்த்தவர் மூவரையும் டப்ளின் கோர் என்ற பொதுவான விவரச் சொற்றொகுதியின் 'கிரியேட்டர்' என்ற ஒரே சொல்லில் போட்டால், கொட்டும் மழையில் மானிக்குப் போனவர் யார் என்பதே மறைந்துவிடும். டப்ளின் கோரைத் தலைப்பு, மொழி, உரிமம் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பைல்கள். அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். ஒன்றை அப்படியே தரவிறக்கி வைத்தால் 'ரிட்ரீவ்ட் ஃப்ரொம்'. உள்ளடக்கம் மாறாமல் வடிவம் மட்டும் மாறினால் 'இம்போர்டட் ஃப்ரொம்'. கொப்பிப் போட்டோவிலிருந்து அங்குல அட்டவணை வந்தது இப்படித்தான். உள்ளடக்கமே மாறினால் 'டிரைவ்ட் ஃப்ரொம்'. மில்லிமீட்டர் அட்டவணை இந்த வகை. இந்தச் சொற்கள் காட்டும் அம்பு எப்போதும் புதியதிலிருந்து பழையதை நோக்கிப் போகும். பிள்ளைதான் தாயைக் காட்ட வேண்டும், தாய் பிள்ளையை அல்ல. இதைத் திருப்பி எழுதியவர்களின் பைலில், கொப்பியே எக்செலிலிருந்து பிறந்ததாக நிற்கும்.

சொற்களை இங்கே ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறோம். பைலில் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் எழுதுங்கள்: முதற்சொல் சிறிய எழுத்திலும் பின்வரும் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்திலும் தொடங்க வேண்டும்; கீழே வரும் 'அக்டிவிட்டி', 'ஏஜென்ட்' ஆகிய வகைப் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்திலேயே தொடங்கும். ஓர் எழுத்து மாறினாலும் கணினிக்கு அது வேறு சொல்.

கேள்வி: மில்லிமீட்டர் அட்டவணை இருக்கும்போது அங்குல அட்டவணை எதற்கு? அழித்துவிடலாமா?
– வாசகி, பதுளை

பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள். கொப்பியில் 2.95 அங்குலம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25.4 ஆல் பெருக்கினால் 74.93 மி.மீ. முழு எண்ணாக்கினால் 75. நமது மலைகளில் 75 சும்மா ஓர் எண் அல்ல. 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. பெய்தால்தான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைப் படிகள் தொடங்குகின்றன. அந்தக் கோட்டை அன்று தாண்டியது மழையா, உங்கள் முழுஎண்ணாக்கமா என்று பின்னால் வருபவர் கேட்பார். அங்குல அட்டவணை இல்லாவிட்டால் பதில் இல்லை.

இந்த இடத்தில் ப்ரொவ்-ஓவின் 'அக்டிவிட்டி'யை, அதாவது செயலை, பயன்படுத்துங்கள். "அலகு மாற்றம்" என்று ஒரு செயலுக்குப் பெயரிடுங்கள். அது 'யூஸ்ட்' என்ற சொல்லால் அங்குல அட்டவணையைக் காட்டட்டும். மில்லிமீட்டர் அட்டவணை 'வாஸ் ஜெனரேட்டட் பை' என்று அந்தச் செயலைக் காட்டட்டும். விளக்கத்தில் பெருக்கிய எண், எத்தனை தசமத்தானம், எந்தச் சூத்திரம் என்று எழுதுங்கள். ஒரு தசமத்தானமாவது வைத்திருப்பதே எங்கள் ஆலோசனை. போட்டோ எடுத்தது, அடித்தது என்று ஒவ்வொன்றையும் செயலாக்கத் தேவையில்லை. எண் மாறிய இடம் முக்கியம்.

கேள்வி: கொப்பியில் திகதி மட்டும் இருக்கிறது. 'காலை 8.30 க்கு அளந்தது' என்று முதற்பக்கத்தில் ஒரு குறிப்பு. நேரத்தை எப்படி எழுதுவது?
– மாணவர், நுவரெலியா

பதில்: நல்ல கண். காலை 8.30 க்கு அளந்தால், 3ஆம் திகதிக்கு எழுதிய மழையில் பெரும்பகுதி 2ஆம் திகதி பெய்ததாக இருக்கலாம். அளவின் தொடக்கம் முதல்நாள் 8.30, முடிவு அன்று 8.30 என்று இரண்டையும் எழுதுங்கள். அளந்ததையும் ஒரு செயலாக்கினால், ப்ரொவ்-ஓவின் 'ஸ்டார்டட் அட் டைம்', 'எண்டட் அட் டைம்' என்ற சொற்களை அதற்குப் பயன்படுத்தலாம். திகதியை 1998-04-03 என்ற வரிசையில் எழுதுங்கள். 03/04 என்றால் எக்செல் அதை மார்ச் ஆக்கிவிடக்கூடும்.

நேர வலயத்தில் மிகக் கவனம். உலகப் பொது நேரத்தோடு (யூடிசி) ஒப்பிட்டால், இலங்கை நேரம் 1996 மே 25 அன்று +06:30 ஆனது, அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் +06:00 ஆனது, 2006 ஏப்ரல் 15 இல்தான் பழைய +05:30 க்குத் திரும்பியது. உங்கள் கொப்பிகளும் 1994 முதல் 2008 வரையானவை என்றால், கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் இந்த இடைவெளிக்குள் விழுகின்றன. எல்லாவற்றுக்கும் +05:30 என்று இழுத்துவிட்டால் நடுவில் பத்து ஆண்டு நேரம் பிசகிவிடும்.

கேள்வி: கிளாக்கரின் பெயரைப் போடலாமா?
– ஹப்புத்தளை

பதில்: அவரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்டுச் சம்மதம் பெற்றால் போடலாம். இல்லையென்றால் "தோட்டக் கிளாக்கர், 1994–2001" என்று பணியைச் சொன்னால் போதும். ஆனால் அதையும் வெறும் எழுத்தாக விடாமல் தனி முகவரி (இணைய முகவரி வடிவிலான அடையாளம்) கொடுத்து ஒரு 'ஏஜென்ட்' (செய்தவர்) ஆக்குங்கள். 'ஆதர்ட் பை' அந்த முகவரியைத்தான் எதிர்பார்க்கிறது.

கேள்வி: பிழை திருத்தி அதே பெயரில் பைலை மேலேற்றினோம். சரிதானே?
– மஸ்கெலியா

பதில்: சரியில்லை. பழைய பைலைப் பற்றி எழுதிய பூர்வீகம் இப்போது புதிய பைலைப் பற்றிப் பொய் சொல்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பெயர், தனி முகவரி கொடுத்து, 'ப்ரீவியஸ் வெர்ஷன்' என்ற பாவ் சொல்லால் முந்தியதைக் காட்டுங்கள். கூகுள் டிரைவ் பகிர்வு இணைப்பை முகவரியாக வைக்காதீர்கள். கணக்கு மூடினால் அதுவும் போய்விடும்.

கேள்வி: இந்தப் பூர்வீக வரிகளை எழுதிய டர்ட்டில் வடிவப் பைல் திறக்க மறுக்கிறது.
– ஹட்டன்

பதில்: ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் முற்றுப்புள்ளி இருக்கிறதா, முன்னொட்டுகளை (சொற்றொகுதிகளின் சுருக்கப் பெயர்களை) எல்லாம் தொடக்கத்தில் அறிவித்தீர்களா, பைலை யூடிஎஃப்-8 இல் சேமித்தீர்களா என்று பாருங்கள். வேர்டில் தட்டச்சு செய்திருந்தால் மேற்கோள் குறிகள் வளைந்திருக்கும். நேரான குறிகளாக மாற்றுங்கள். அதற்குப் பிறகும் முரண்டு பிடித்தால் அப்பாச்சே ஜீனா என்ற மென்பொருளிலுள்ள 'ரையட்' கருவியில் ஓடவிடுங்கள். பிழை எந்த வரியில் என்று காட்டும்.