மண் உறைவதற்கு முன்னும் பின்னும்: பனிக்காலத் தோட்ட வேலைகள்

கேள்வி: கடும் பனி பொழியும் பகுதியில், தோட்டமுள்ள வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். ரோஜாப் புதர்கள், நட்டு இரண்டு ஆண்டான ஆப்பிள் மரம், வேலியோரம் ஊசியிலைச் செடிகள், சில தொட்டிகள், ஒரு காய்கறிப் பாத்தி, புல்தரை ஆகியவை இருக்கின்றன. குளிர் மைனஸ் 20 டிகிரி வரை போகுமாம். இலையுதிர்காலம் இப்போதுதான் தொடங்குகிறது. இப்போதே எல்லாவற்றையும் கவாத்து செய்து, உரம் போட்டு, மூடாக்கு போட்டு வைத்துவிடலாமா?

பதில்: வேலையை இப்போதே தொடங்குங்கள், ஆனால் இந்த மூன்று வேலைகளில் அல்ல. கவாத்து, உரம், மூடாக்கு மூன்றையும் இப்போது செய்தால் செடிக்குக் கெடுதல்தான். தள்ளிப்போடவே கூடாத வேலைகள் வேறு: தண்ணீர்க் குழாய்கள், மண்ணில் முளைக்குச்சி அடிப்பது, செடிகளுக்கு ஆழமாக நீர் பாய்ச்சுவது.

முதலில் இரண்டு தேதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, உங்கள் பகுதியில் வழக்கமாக முதல் உறைபனி விழும் நாள். இன்னொன்று, மண் இறுகி உறையும் காலம். இது முதல் உறைபனிக்குச் சில வாரங்கள் கழித்து வரும். எந்த வேலையை எப்போது செய்வது என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

செடிகள் குளிரைத் தாங்க ஒரே நாளில் தயாராவதில்லை. பகல் குறையக் குறைய வளர்ச்சியை நிறுத்தி, இளந்தண்டுகளை முற்றவைத்து, மெல்ல உறக்கத்துக்குப் போகின்றன. இந்த நேரத்தில் கவாத்து செய்தால் வெட்டிய இடத்துக்குக் கீழே புதுத் துளிர் கிளம்பும். தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் போட்டாலும் இதேதான். முற்றாத அந்தத் துளிர்தான் முதல் கடுங்குளிரில் கருகும். எனவே முதல் உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மரங்களுக்கும் புதர்களுக்கும் தழைச்சத்தை நிறுத்திவிட வேண்டும். கவாத்தைக் குளிர்காலத்தின் கடைசிக்குத் தள்ளுங்கள். காய்ந்த கிளை, நோயுற்ற கிளை, பனியின் கனத்தில் முறிந்து கூரைமேல் விழக்கூடிய கிளை ஆகியவற்றை மட்டும் இப்போதே எடுத்துவிடலாம்.

அடுத்தது நீர். குளிர்காலத்தில் செடிகள் சாவதற்குக் குளிர் மட்டுமே காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். பல செடிகள், குறிப்பாக இலை உதிர்க்காத ஊசியிலைச் செடிகள், வறண்டுதான் சாகின்றன. வெயிலும் காற்றும் இலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உறைந்த மண்ணிலிருந்து வேரால் அதை ஈடுகட்ட முடியாது. வசந்தத்தில் வேலிச் செடியின் ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகி நிற்பது இதனால்தான். மழை போதாவிட்டால், மண் உறையும்வரை வாரம் ஒருமுறை ஆழமாக நீர் விடுங்கள். இளமரத்துக்கு, தண்டின் விட்டம் ஒவ்வொரு செ.மீ.க்கும் சுமார் 15 லிட்டர் என்று கணக்கு, 2 செ.மீ. தண்டுள்ள ஆப்பிளுக்கு 30 லிட்டர். நீர் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்க்க, நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் அழுத்துங்கள். 15 செ.மீ. வரை எளிதாக இறங்கினால் போதும். பாதியில் முட்டினால் இன்னும் விட வேண்டும். ஈர மண் வறண்ட மண்ணைவிட மெதுவாகக் குளிரும் என்பதால் வேருக்கும் பாதுகாப்பு.

குழாய்களில் தாமதம் கூடாது

இதில் தவறினால் செலவு வீட்டுச் சுவர்வரை வரும். தண்ணீர் உறையும்போது கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும். பனிக்கட்டி அடைத்த இடத்துக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கிய நீர் போக வழியின்றி அழுத்தம் ஏறி, குழாய் பிளக்கும். உறைபனியைத் தாங்கும் வகைக் குழாய் பொருத்தியிருந்தாலும் ஹோஸைக் கழற்றாமல் விட்டால் அதுவும் பிளக்கும். அதன் அடைப்பான் சுவருக்கு உள்ளே, சூடான பகுதியில் இருக்கிறது. மூடியதும் மிச்ச நீர் வெளியே வடிய வேண்டும். ஹோஸ் மாட்டியிருந்தால் வடியாது. பிளந்தது அப்போது தெரியவும் தெரியாது. வசந்தத்தில் குழாயைத் திறக்கும் அன்று சுவருக்குள் தண்ணீர் கொட்டும்போதுதான் தெரியும்.

ஆகவே முதல் உறைபனிக்கு முன்பே எல்லா ஹோஸ்களையும் கழற்றி, நீரை வடித்து, சுருட்டி உள்ளே வையுங்கள். சாதாரணக் குழாய் என்றால், வீட்டுக்குள் அதற்கென இருக்கும் வால்வை மூடுங்கள். பிறகு வெளிக்குழாயைத் திறந்துவையுங்கள். உள்வால்வின் பக்கவாட்டில் சிறிய வடிகால் மூடி இருந்தால், கீழே ஒரு கிண்ணம் வைத்து அதையும் திருகித் திறந்து, மிச்சத்தை வடித்துவிட்டு மூடுங்கள்.

சொட்டுநீர்க் குழாய்களின் கடைசி மூடிகளைக் கழற்றினால் நீர் தானே வடியும். வடிகட்டியையும் அழுத்தக் குறைப்பானையும் உள்ளே எடுத்துவையுங்கள். மண்ணுக்கடியில் ஸ்பிரிங்க்ளர் குழாய்கள் ஓடினால் கம்ப்ரஸரால் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். பாலிஎதிலீன் குழாயில் அழுத்தம் 50 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. காற்றைத் திறக்கும் முன் ஏதாவது ஒரு பகுதியின் வால்வு திறந்திருக்க வேண்டும். நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் கருவி வழியாகக் காற்றைச் செலுத்தாதீர்கள், அதற்குப் பின்னால் உள்ள இணைப்பில் கொடுங்கள். ஒரு பகுதிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். நீரின்றிச் சுழலும் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் சூடேறித் தேயும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸர் தேவையான அளவு காற்றைத் தராது என்பதால், இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுவதே சரி என்பேன்.

மரம், ரோஜா, வேலி

மூடாக்கு செடியைச் சூடாக வைப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முக்கிய வேலை உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருப்பது. மண் மாறி மாறி உறைந்து உருகினால், உள்ளே உருவாகும் பனிக்கட்டி ஆழமாக வேர்விடாத செடிகளை மேலே தள்ளிவிடும். வேர் காற்றில் காய்ந்துபோகும். இந்த இலையுதிர்காலத்தில் நட்ட செடிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். எனவே மேல்மண் இறுகத் தொடங்கிய பிறகு 5 முதல் 10 செ.மீ. தடிமனில் வைக்கோலோ தூளாக்கிய இலையோ பரப்புங்கள். அதற்கு முன் போட்டால் மண் கதகதப்பாகவே இருந்து செடியின் உறக்கம் தள்ளிப்போகும், எலிகளும் குடியேறிவிடும். மரத் தண்டை ஒட்டிக் குவிக்காமல், சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

ஒட்டுரோஜாக்களில் காப்பாற்ற வேண்டியது ஒட்டுப்பகுதியை. அது செத்தால் அடியிலிருந்து கிளம்புவது வேறு ரோஜாவாக இருக்கும். சில கடும் உறைபனிகள் விழுந்தபின், தூரைச் சுற்றி 25 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மண் அணையுங்கள். செடியின் அருகிலிருந்தே மண்ணைச் சுரண்டினால் வேர் வெளியே தெரியும். எனவே மண் உறையும் முன்பே வேறிடத்திலிருந்து எடுத்து, உறையாத இடத்தில் மூட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட தண்டுகள் காற்றில் ஆடி வேரை அசைக்குமானால் நுனியை மட்டும் சற்றுக் குறைக்கலாம்.

ஆப்பிள் மரத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று வெயில். குளிர்காலப் பிற்பகலில் வெயில் படும் பக்கத்துப் பட்டை சூடேறி விழித்துக்கொள்ளும். சூரியன் மறைந்ததும் சட்டென உறைந்து வெடிக்கும். வடகோளத்தில் இது தென்மேற்குப் பக்கத்தில் வரும். தரையிலிருந்து முதல் கிளைவரை வெள்ளை நிறத் தண்டுக்காப்பு சுற்றி, வசந்தத்தில் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். மற்றொன்று எலியும் முயலும். தண்டைச் சுற்றிலும் பட்டையைக் கொறித்துவிட்டால் மரம் பிழைப்பது அரிது. 6 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலையைத் தண்டைத் தொடாமல் உருளையாக வளைத்து, 5 செ.மீ. மண்ணுக்குள் புதையுங்கள். முயல் பனியின் மேல் நின்று எட்டும் என்பதால், வழக்கமாகப் பனி குவியும் உயரத்துக்கு மேலும் அரை மீட்டர் வலை இருக்க வேண்டும். உதிர்ந்த ஆப்பிள் இலைகளையும் பழங்களையும் கூட்டி அகற்றுங்கள். சொறிநோய்ப் பூஞ்சை அந்த இலைகளில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

ஊசியிலை வேலிக்குக் காற்று வரும் பக்கம் சாக்குத்துணித் திரை கட்டுங்கள். துணி இலையைத் தொடக் கூடாது. பிளாஸ்டிக் தாள் வேண்டவே வேண்டாம். பகலில் உள்ளே வெப்பம் தேங்கி, இரவில் திடீரெனக் குளிர்ந்து செடியைக் கருக்கிவிடும். திரையின் கம்பங்களை இப்போதே நட்டுவிடுங்கள், துணியைப் பிறகு கட்டலாம்.

தொட்டி, பாத்தி, புல்தரை

தரையில் இருக்கும் வேருக்குப் பூமியின் வெப்பம் துணை. தொட்டியில் இருப்பதற்கு அது கிடையாது, எல்லாப் பக்கமும் குளிர். குளிர் தாங்கும் செடியாக இருந்தாலும் தொட்டியோடு வெளியே விடாதீர்கள். காலியான காய்கறிப் பாத்தியில் குழி வெட்டி, தொட்டியோடு விளிம்புவரை புதைத்து மேலே இலை பரப்புவது நல்ல வழி. இல்லையென்றால் சூடேற்றாத கராஜில் வைத்து மாதம் ஒருமுறை சிறிது நீர் விடுங்கள். வெப்பமண்டலச் செடிகளை இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகும் முன் உள்ளே கொண்டுவாருங்கள். இலையின் அடிப்புறத்தில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக் கழுவிய பிறகே மற்ற செடிகளோடு சேருங்கள். மண்தொட்டிகளைக் காலிசெய்து காயவைத்துக் கவிழ்த்துவிடுங்கள். ஈரம் ஊறிய மண்தொட்டி உறைந்தால் வெடிக்கும்.

பாத்தியில் நோய் கண்ட தக்காளிக் கொடிகளைக் கம்போஸ்ட்டில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். கேரட்டைத் தோண்ட அவசரமில்லை. 30 செ.மீ. வைக்கோல் போட்டு மூடினால் மண்ணிலேயே இருக்கும், தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். பூண்டு நட இது நல்ல பருவம்: மண் உறைய நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன், 5 செ.மீ. ஆழத்தில், நுனி மேலே பார்க்க.

புல்லைக் கடைசியாக வெட்டும்போது 5 முதல் 6 செ.மீ. உயரம் விடுங்கள். இலைக்குவியலோடு பனி விழுந்தால் அடியில் பூஞ்சை பிடித்து, புல் வட்ட வட்டமாக வெளுக்கும். லேசாக விழுந்த இலைகளின் மேல் புல்வெட்டியை ஓட்டித் தூளாக்கிவிட்டால் அதுவே உரம். கனமாக இருந்தால் வாரிவிடுங்கள்.

வண்டிப்பாதையின் ஓரத்தைக் காட்டும் குச்சிகளை மண் உறையும் முன் அடித்துவிடுங்கள், பிறகு சுத்தியலால் அடித்தாலும் இறங்காது. மூன்று மீட்டருக்கு ஒன்று, விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி அடித்தால் பனி அகற்றும் இயந்திரம் புல்லைப் பெயர்க்காது. அந்த இயந்திரத்தையும் இப்போதே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். புல்வெட்டியின் டாங்கில் புதுப் பெட்ரோலோடு, அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து பத்து நிமிடம் ஓட்டினால் அது கார்புரேட்டர்வரை போய்ச்சேரும். லித்தியம் பேட்டரிகளை உள்ளே வையுங்கள், பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றாதீர்கள்.

பாதைக்கு உப்பைவிட மணலை அதிகம் நம்புங்கள். சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது. வேருக்கும் அது நஞ்சு. உப்புக் கலந்த பனியை வாரி வேலிச் செடிகளின் அடியில் கொட்டாதீர்கள். கிளைகளில் பனி கனத்துத் தொங்கினால், துடைப்பத்தால் கீழிருந்து மேலாக மெல்லத் தூக்கி உதறுங்கள். பனிக்கட்டியாக இறுகிப் படிந்திருந்தால் தொடாதீர்கள். தானாக உருகட்டும், தட்டினால் கிளையோடு ஒடிந்துவரும்.